குங்குமச் சிவப்பும் ஒன்பது வாட் பல்பும்

எல்.இ.டி. பல்பு வந்த அட்டைப்பெட்டியைக் குப்பையில் போடுமுன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வாட் பெரிய எழுத்தில் இருக்கும். லூமன், கெல்வின், எத்தனை மணி நேரம் எரியும் என்ற கணக்கு எல்லாம் அடுத்தடுத்து. ஏதோ ஓர் ஓரத்தில், பொடி எழுத்தில், ‘சிஆர்ஐ 80க்கு மேல்’ என்று ஒரு வரி. மாடிப்படிக்கும் கூடத்துக்கும் பல்பு வாங்குகிறவர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டாலும் நஷ்டமில்லை. அதே பல்பை மேசை விளக்கில் மாட்டி, குங்குமச் சிமிழையோ செம்பருத்திப் பூவின் மகரந்தத் தண்டையோ ஒரு சாண் தூரத்தில் வைத்துப் படமெடுக்கப் போகிறவருக்குப் பெட்டியில் இருப்பதிலேயே முக்கியமான எண் அதுதான். நம்மை நன்றாக ஏமாற்றக்கூடிய எண்ணும் அதுவேதான்.

குளோஸ்-அப் படத்தில் ஒரே பொருள் படம் முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. மிளகாய் வற்றலின் சிவப்பு மங்கிப் பழுப்பேறிவிட்டால், ஒப்பிட்டு மனதைத் தேற்றிக்கொள்ளப் பக்கத்தில் வேறு நிறமே இருக்காது. தெளிவாக விழும் பகுதியின் ஆழமோ சில மில்லிமீட்டர்தான். அதைக் கொஞ்சம் கூட்ட அபெர்ச்சரை எஃப்/11, எஃப்/16 என்று சுருக்குவோம். சுருக்கினால் வெளிச்சம் நிறைய வேண்டும். இங்கேதான் 9 வாட் பல்பு கைகொடுக்கிறது. பாதித் தூரத்துக்கு நகர்த்தினால் ஏறக்குறைய நான்கு மடங்கு வெளிச்சம் கிடைக்கும். குண்டு பல்பு மாதிரி அனல் அடிக்காது, பூ வாடாது. எறும்பு மட்டும் ஓடும். அது எந்த விளக்கிலும் ஓடும்.

வெள்ளை வெளிச்சம் தருவதாகச் சொல்லப்படும் இந்தப் பல்புக்குள் இருப்பது நீல எல்.இ.டி.தான். 2014இல் இயற்பியல் நோபல் பரிசை அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் வாங்கித் தந்த அதே நீலம். அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர். அதன் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு பாஸ்பர் பூச்சு. பெரும்பாலும் சீரியம் கலந்த இட்ரியம் அலுமினியம் கார்னெட். நீலத்தில் ஒரு பங்கு அப்படியே வெளியே கசியும், மீதியைப் பூச்சு விழுங்கி மஞ்சளாக உமிழும். நீலமும் மஞ்சளும் கலந்தால் நம் கண்ணுக்கு வெள்ளை. கண் அதோடு திருப்தி அடைந்துவிடுகிறது. ஆனால் அந்த வெள்ளையில் 480 நானோமீட்டரை ஒட்டிய மயில்கழுத்து நிறத்தில் ஒரு பள்ளம். 630ஐத் தாண்டிய அடர்சிவப்பில் வறட்சி.

சிவப்பு உமிழும் பாஸ்பரையும் சேர்த்தால் தீர்ந்தது, ஏன் தாராளமாகச் சேர்ப்பதில்லை? பணம் ஒரு காரணம். பெரிய காரணம் லூமன். லூமன் என்பது மனிதக் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தின் அளவு. கண்ணின் கூர்மை பச்சையும் மஞ்சளும் சேரும் 555 நானோமீட்டரில் உச்சம். 650க்குப் போனால் அதில் பத்தில் ஒரு பங்குதான். ஆக, அடர்சிவப்புக்குச் செலவழிக்கிற மின்சாரம் லூமன் கணக்கில் பெரும்பகுதி வீண். ஒரு வாட்டுக்கு எத்தனை லூமன் என்று போட்டி போட்டு அச்சடிக்கிற சந்தையில், சிவப்பில் கஞ்சத்தனம் செய்கிறவரே ஜெயிக்கிறார். இதைத் திருட்டு என்று நான் சொல்லமாட்டேன். மின்சாரத்தை மிச்சப்படுத்து என்று நாம் கேட்டோம், அவர்கள் மிச்சப்படுத்தினார்கள்.

அப்படியானால் சிஆர்ஐ 80 எப்படி வந்தது? ஒளியையும் நிறத்தையும் அளப்பதற்கான சர்வதேச அமைப்பான சிஐஇ 1965இல் வகுத்து 1974இல் திருத்திய அளவுகோல் அது; ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதைச் சொல்வது. 14 நிறத்துண்டுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒரு மேற்கோள் ஒளியில் எப்படித் தெரியும், இந்த விளக்கில் எப்படித் தெரியும் என்று கணக்கிடுகிறார்கள். பெட்டியில் வருகிற எண் முதல் எட்டின் சராசரி மட்டுமே. அந்த எட்டும் வெளுத்த, மிதமான நிறங்கள். அடர்சிவப்பு ஒன்பதாவது, ஆர்9 என்பார்கள். எட்டுப் பாடத்துக்குச் சராசரி போட்டுவிட்டு, ஒன்பதாவதில் வாங்கிய பூஜ்யத்தை ரேங்க் கார்டில் ஏற்றாமல் விட்டது போன்ற ஏற்பாடு. சொல்லப்போனால் ஆர்9 பூஜ்யத்துக்குக் கீழேயும் இறங்கும். சிஆர்ஐ 80 உள்ள சாதாரண பல்புகளில் அது பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே கிடக்கிறது. 2015இல் அமெரிக்க ஒளியியல் பொறியாளர்கள் 99 நிறங்களை வைத்து டிஎம்-30 என்ற புதிய முறையைக் கொண்டுவந்தார்கள். நம் கடைப் பெட்டிகளில் அதைத் தேடி அலைய வேண்டாம்.

‘கேமராவில் ஒயிட் பேலன்ஸ் இருக்கிறதே’ என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். ஒயிட் பேலன்ஸ் செய்வதெல்லாம் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று சானல்களையும் ஒவ்வோர் எண்ணால் பெருக்குவதுதான். சாம்பல் அட்டையைப் படமெடுக்கும்போது சிவப்புச் சானலில் விழுவது பெரும்பாலும் ஆரஞ்சுப் பக்கத்து ஒளி. அதைக் கொண்டு கணக்குச் சரியாகிவிடும், அட்டை சாம்பலாகவே தெரியும். குங்குமமோ ஆரஞ்சின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டு அடர்சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பும் பொருள். விளக்கில் அந்த ஒளியே அரிது என்றால் அனுப்ப ஒன்றுமில்லை. இல்லாததை எதால் பெருக்கினால் என்ன? அட்டை சரியாக இருக்க, குங்குமம் மட்டும் செங்கல் பொடியாகிவிடும்.

பல்பின் தரத்தை வீட்டிலேயே பார்த்துவிடலாம். முதல் கருவி பழைய டிவிடி. பல வீடுகளில் பிளேயர் போய்விட்டது, தட்டு மட்டும் இருக்கிறது. அதன் பள்ளங்கள் 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக ஓடுவதால் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துவிடும். சிடியில் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், பிரிக்கும், அவ்வளவு விரித்துக் காட்டாது. செருப்பு டப்பா ஒன்றின் ஒரு முனையில் ஜன்னல் வெட்டி, இரண்டு சவர பிளேடுகளின் கூர்முனைகள் மயிரிழை இடைவெளியில் எதிரெதிரே நிற்கும்படி டேப் போட்டு ஒட்டுங்கள். எதிர்முனையில் டிவிடியைச் சாய்த்து வைத்து, மேலே எட்டிப் பார்க்க ஒரு துளை. மூடியை மூடிப் பிளவைப் பல்புக்கு நேராகப் பிடித்து, பட்டை தெரியும்வரை தட்டின் சாய்வை மாற்றிக்கொண்டே இருங்கள். சூரியனுக்கு நேராக மட்டும் பிடிக்காதீர்கள். வெயில் விழுந்த வெள்ளைச் சுவர் போதும்.

குண்டு பல்பில் ஊதாவிலிருந்து அடர்சிவப்புவரை இடைவெட்டில்லாத பட்டை தெரியும். பழைய சிஎஃப்எல் கிடைத்தால் அதையும் பாருங்கள். 436இல் நீலம், 546இல் பச்சை, 611இல் செம்மஞ்சள் என்று தனித்தனிக் கோடுகள் பளிச்சென்று நிற்கும். அவற்றை அளவுகுறியாக வைத்துக்கொண்டு மற்ற விளக்குகளில் எந்த நிறம் எங்கே விழுகிறது என்று மதிப்பிடலாம். இனி எல்.இ.டி. முதலில் ஓர் உக்கிரமான நீலக் கோடு, அடுத்து இருண்ட பள்ளம், பிறகு பச்சையும் மஞ்சளும் அகலமாக. அதற்கப்பால் சிவப்பு எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதுதான் கேள்வி. மலிவான பல்பில் சட்டென்று அடங்கிவிடும். நல்லதில் குண்டு பல்பின் பட்டையோடு கிட்டத்தட்டச் சேர்ந்தே நடக்கும். சில பல்புகளில் 631 நானோமீட்டரை ஒட்டி மெல்லிய சிவப்புக் கோடுகள் தெரிந்தால் மிரள வேண்டாம்; அது மாங்கனீசு கலந்த ஃபுளோரைடு பாஸ்பர், சிவப்பைக் கூட்டவே சேர்த்தது.

இரண்டாவது சோதனை கேமராவிலேயே. குங்குமம், வற்றல் மிளகாய், மஞ்சள் கிழங்கு, வெற்றிலை, மயிலிறகு என்று ஒரு தட்டு சேருங்கள். ‘டே லைட்’ பல்புக்கு நடுப்பகல் வெளிச்சத்தில் எடுத்த படமும், ‘வார்ம் ஒயிட்’டுக்குக் குண்டு பல்பில் எடுத்த படமும் ஒப்பீடு. சிஆர்ஐ கணக்கும் இதே போக்குத்தான். பல்பின் நிறம் 5000 கெல்வினுக்குக் கீழே என்றால் மேற்கோள் சூடேறிய பொருளின் ஒளி, மேலே என்றால் பகலொளி. இரவில் அறையை இருட்டாக்கி, பல்பைப் பத்து நிமிடம் எரியவிட்டு, ரா ஃபைலாக எடுங்கள். எல்லாப் படத்திலும் சாம்பல் அட்டை ஒரே அளவில் தெரிய வேண்டும். பிறகு கணினியில் குங்குமத்தின் எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள், பல்பின் வண்டவாளம் வெளிவந்துவிடும். கண்ணுக்கென்று வகுத்த சிஆர்ஐயைவிட இந்தப் படத்தை நான் அதிகம் நம்புவேன். சென்சார் நிறங்களைப் பார்க்கிற விதம் வேறு. ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமியே அதற்காக எஸ்எஸ்ஐ என்று தனி அளவுகோல் உருவாக்க வேண்டியிருந்தது.

சாம்பல் அட்டை இல்லாதவர்கள் ஏ4 தாளை எடுக்காதீர்கள். தாளிலும் சலவைக்குப் போய்வந்த வேட்டியிலும் வெண்மையூட்டும் ரசாயனம் உண்டு. வெயிலின் புறஊதாவை வாங்கி நீலமாக ஒளிரும் பொருள் அது. சாதாரண எல்.இ.டி.யில் புறஊதா கிடையாது என்பதால், அதே தாள் அங்கே வேறு வெள்ளை. பிளம்பர் குழாய் மரையில் சுற்றுகிற டெஃப்லான் டேப்பைப் பத்துப் பதினைந்து அடுக்காக ஒரு துண்டு அட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். சில ரூபாயில் அத்தனை நடுநிலையான வெள்ளை வேறு கிடைக்காது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே மட்டமான பல்பு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/25இல் வைத்தால் படத்தில் வரி விழாது.

வாங்கும்போது 930, 940 போன்ற மூன்று இலக்கக் குறி இருந்தால் பாருங்கள். முதல் 9 சிஆர்ஐ 90க்கு மேல் என்பதையும், அடுத்த இரண்டு இலக்கம் 3000, 4000 கெல்வினையும் சொல்கின்றன. வெள்ளிக் காசுக்கும் கைக்கடிகாரத்தின் உள்பாகத்துக்கும் 80 தாராளம். கூடுதல் பணம் பூவுக்கும் பட்டுக்கும் சமையலுக்கும்தான். தேறிய பல்பு கிடைத்தால் அதே பெட்டியிலிருந்து இன்னும் இரண்டு எடுத்து வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே மாடலைக் கேட்டு வாங்கினாலும் உள்ளே பாஸ்பர் மாறியிருக்கலாம். மறுபடி செருப்பு டப்பாவைத் தேட வேண்டியிருக்கும்.