துபாய்க்குக் குடிபோனால் டிரேடிங் வரி மிச்சமாகுமா?

"துபாய்ல போய் உட்கார்ந்துட்டா ஒரு பைசா வரி கிடையாதாம்!" பங்குச் சந்தையில் நாலு காசு பார்க்க ஆரம்பித்தவர்களின் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஐக்கிய அரபு அமீரகத்தில் தனிநபர் வருமான வரி இல்லை என்பது உண்மைதான். சென்னையிலிருந்து நான்கு மணி நேரப் பயணம். லேப்டாப்பும் இன்டர்நெட்டும் இருந்தால் எங்கிருந்தும் டிரேட் செய்யலாம். அப்புறம் என்ன, கிளம்பிவிடலாமே என்று தோன்றுவது இயல்பு.

ஆனால், எந்த ஊரில் குடியிருக்கிறார் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, எந்த நாட்டுச் சந்தையில் டிரேட் செய்கிறார் என்பது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

ஊர் மாறினாலும் சந்தை மாறவில்லையே!

ஒருவர் இந்தியப் பங்குகளை வாங்கி, சில மாதங்களில் விற்று, ஆண்டுக்கு ரூ.20 லட்சம் லாபம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேறு வருமானம் இல்லை. குறுகியகால லாபத்துக்கு வரி 20% (2024 ஜூலை 22 வரை இது 15% ஆக இருந்தது). அவர் கோவையிலேயே இருந்தால், புதிய வரி முறையின் அடிப்படை விலக்கான ரூ.4 லட்சத்தைக் கழித்துவிட்டு மீதி ரூ.16 லட்சத்துக்குத்தான் வரி. செஸ் சேர்த்து ரூ.3,32,800.

அவரே துபாய்க்குப் போய் என்.ஆர்.ஐ ஆகிவிட்டால்? இந்திய நிறுவனப் பங்குகளை விற்று வரும் லாபத்துக்கு வரி போடும் உரிமையை இந்தியா - அமீரக வரி ஒப்பந்தம் இந்தியாவுக்கே கொடுத்திருக்கிறது. அடிப்படை விலக்கை இந்த லாபத்தில் கழித்துக்கொள்ளும் சலுகையோ இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். ஆக, முழு ரூ.20 லட்சத்துக்கும் வரி. செஸ் சேர்த்து ரூ.4,16,000. குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போய், கூடுதலாக ரூ.83,200 கட்டுகிறார்! அதுவும் டி.டி.எஸ் பிடித்ததுபோக மீதிதான் கைக்கு வரும்.

காலையில் வாங்கி மாலையில் விற்கும் இன்ட்ராடே ஆசாமியின் கதை இன்னும் மோசம். இந்தியப் பங்குகளில் இன்ட்ராடே செய்ய என்.ஆர்.ஐ-களுக்கு அனுமதியே இல்லை. டெலிவரி எடுத்துத்தான் விற்க வேண்டும். அவருக்கு வரி மிச்சமாவது இருக்கட்டும், தொழிலே போய்விடும்.

எஃப் அண்ட் ஓ செய்ய என்.ஆர்.ஐ-களுக்கு வழி இருக்கிறது. அந்த வருமானத்துக்கு வரி ஒப்பந்தத்தின் பாதுகாப்பைக் கோரவும் வாதம் உண்டு. ஆனால், இங்கே இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். எஃப் அண்ட் ஓ லாபம் தொழில் வருமானம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் ரூ.12 லட்சம் வரை உள்ள இப்படிப்பட்ட வருமானத்துக்கு, தள்ளுபடி காரணமாக, இங்கே வசிப்பவர் வரி கட்டவே வேண்டாம். அந்தத் தள்ளுபடி என்.ஆர்.ஐ-க்குக் கிடையாது. எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குமேல் நஷ்டம் என்று செபியின் 2024 ஆய்வு சொன்னதையும் மறந்துவிடக் கூடாது. நஷ்டத்துக்கு எந்த ஊரிலும் வரி இல்லை. வாடகை மட்டும் உண்டு.

யாருக்குத்தான் லாபம்?

அமெரிக்கப் பங்குகள், கிரிப்டோ என்று வெளிநாட்டுச் சந்தைகளில் டிரேட் செய்பவர்களுக்கு வித்தியாசம் நிஜமாகவே பெரிது. இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. உண்மையிலேயே துபாய்வாசியாகி, அங்கிருந்தபடி வெளிநாட்டுச் சந்தையில் சம்பாதிக்கும் என்.ஆர்.ஐ-யின் அந்த வருமானத்துக்கு இந்தியா வரி கேட்பதில்லை.

அங்கேயும் சில முட்கள் உண்டு. விசாவுக்காக ஒரு கம்பெனி தொடங்கி, அந்தக் கம்பெனி பெயரிலேயே டிரேட் செய்தால், 2023 முதல் அமலில் உள்ள 9% கார்ப்பரேட் வரி வட்டத்துக்குள் வர நேரலாம். லாபம் 3,75,000 திர்ஹத்தைத் தாண்டினால் இந்த வரி. அமெரிக்கப் பங்குகளின் டிவிடெண்டில் இந்தியாவில் வசிப்பவருக்கு 25% பிடிப்பார்கள். அமெரிக்காவுடன் வரி ஒப்பந்தம் இல்லாத அமீரகத்தில் வசிப்பவருக்கு 30%.

சிங்கப்பூரையும் சிலர் யோசிக்கிறார்கள். அங்கே மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால், வாங்கி விற்பதையே பிழைப்பாக வைத்திருந்தால் அது தொழில் வருமானம். அதிகபட்சம் 24% வரை வரி உண்டு. போர்ச்சுகல் ஒரு காலத்தில் கிரிப்டோக்காரர்களின் சொர்க்கம். 2023 முதல், 365 நாள்களுக்குள் விற்றால் 28% வரி என்று சட்டம் மாறிவிட்டது. வரியை மட்டும் நம்பி அங்கே வீடு வாங்கியவர்கள் பாடு திண்டாட்டம்.

நாள் கணக்கு

விசா வாங்கிவிட்டாலே என்.ஆர்.ஐ ஆகிவிட முடியாது. ஒரு நிதியாண்டில் 182 நாள்கள் இந்தியாவில் இருந்தால் இங்கே வசிப்பவராகத்தான் கருதப்படுவார். இந்திய வருமானம் ரூ.15 லட்சத்தைத் தாண்டும் இந்தியக் குடிமகனுக்கு, முந்தைய நான்கு ஆண்டுகளில் இங்கே 365 நாள்கள் இருந்திருந்தால், அந்த வரம்பு 120 நாள்களாகக் குறைந்துவிடும். இதே வருமான வரம்பைத் தாண்டி, வேறெந்த நாட்டிலும் வரி கட்டும் கடமை இல்லாத இந்தியக் குடிமகனை, ஒரு நாள்கூட இங்கே இல்லாவிட்டாலும், இந்தியாவில் வசிப்பவராகவே கருதும் விதியும் 2020-ல் வந்தது. இவ்விரு விதிகளில் சிக்குபவரின் வெளிநாட்டு வருமானத்துக்குப் பொதுவாகப் பாதிப்பில்லை. ஆனால், அந்தத் தொழிலை இந்தியாவிலிருந்து கட்டுப்படுத்தினால் அதற்கும் இங்கே வரி உண்டு.

இந்த நாள் கணக்கு குடும்பத்தின் மீதுதான் வந்து விழும். அப்பாவுக்கு பைபாஸ் என்றால் மகன் மூன்று மாதம் கூட இருக்க வேண்டியிருக்கும். அடுத்து தங்கையின் கல்யாணம், அதற்கடுத்து ஊர்த் திருவிழா. 120 நாள் வரம்பில் இருப்பவர் ஒவ்வொரு வருகையையும் காலண்டரில் எண்ணிக்கொண்டே வர வேண்டும். பல வீடுகளில் வாடகைக்கு முன்தேதியிட்ட காசோலைகளை மொத்தமாகக் கொடுப்பது துபாய் வழக்கம். பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸும் இருக்கிறது. மிச்சமாகும் வரியோடு இவற்றை வைத்துப் பார்த்த பிறகே டிக்கெட் விலை விசாரிக்க வேண்டும்.

கிளம்புவது என்று முடிவெடுத்தவர்கள் கவனிக்க இன்னொன்று: இந்தியாவின் 182 நாள், ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான கணக்கு. ஒப்பந்தச் சலுகைக்கு அமீரகத்தில் காட்ட வேண்டிய 183 நாள், ஜனவரி முதல் டிசம்பர் வரை. அந்த வசிப்பிடச் சான்றிதழை ஒவ்வோர் ஆண்டும் அங்கே விண்ணப்பித்து வாங்கி, பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்க நகல்களோடு இங்குள்ள ஆடிட்டரிடம் கொடுத்துவைக்க வேண்டும்.