எந்த மண்?

புதைத்த குழாய் அசையாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். சென்னையில் ஒரு வடிவமைப்பு அலுவலகம். குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தில் ‘ஆங்கர்’ என்று ஒரு பூட்டைப் போட்டு, கணக்கை முடித்துவிட்டேன். சீனியர் திரையை எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, அந்த இடத்துல குழாயை யாரு பிடிச்சிருக்கா?”

“மண்ணு சார்.”

“எந்த மண்ணு?”

எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். ராஜஸ்தானின் பார்மரில் எடுக்கும் கச்சா எண்ணெயில் மெழுகு அதிகம். ஆறினால் உறைந்துவிடும். அதனால் குஜராத் கடற்கரை வரை, வழியெல்லாம் சுமார் 65 பாகை சூட்டிலேயே குழாயில் அனுப்புகிறார்கள். அப்படி ஒரு சூடான குழாயை எடுத்துக்கொள்வோம். விட்டம் 610 மில்லிமீட்டர், தகட்டின் கனம் 9.5 மில்லிமீட்டர். கணக்கு எளிதாக இருக்க, மேலே வெப்பக்காப்பு இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். பதித்த அன்று 30 பாகை. எண்ணெய் ஓடும்போது 65. தரைமேல் தடையில்லாமல் கிடந்தால் இந்த 35 பாகை ஏற்றத்துக்கு ஒரு கிலோமீட்டர் எஃகு 42 சென்டிமீட்டர் நீளும். மண்ணுக்குள் நீள வழியில்லை. நீளாத நீளம் இரும்புக்குள்ளேயே இறுக்கமாகத் தங்கிவிடுகிறது. பாடப்புத்தகம் அதைத் தகைவு என்கிறது, நாங்கள் ஸ்ட்ரெஸ் என்கிறோம். இங்கே அது சதுர மில்லிமீட்டருக்கு 84 நியூட்டன். குழாயின் முழு வெட்டுப்பரப்புக்கும் கூட்டினால் சுமார் 150 டன் தள்ளுவிசை.

இந்த 150 டன்னைத் தாங்குவது மண்ணின் உராய்வு. நன்றாகத் திமிசு போட்டு இறுக்கிய மணலில், ஒன்றரை மீட்டர் ஆழத்தில், மீட்டருக்குச் சுமார் ஒன்றரை டன் பிடி கிடைக்கும். அப்படியானால் குழாயை முழுதாக நிறுத்த 100 மீட்டர் மண் வேண்டும். அதற்கு அப்பால் குழாய் அசையாது. கான்கிரீட் கட்டையே இல்லாத அந்த நங்கூரத்தைத்தான் ‘விர்ச்சுவல் ஆங்கர்’ என்கிறோம். இப்புறம் உள்ள 100 மீட்டரோ தரையை விட்டு வெளியே வரும் முனையை நோக்கி நகரும், முனையில் 21 மில்லிமீட்டர். முதல் வருடம் நான் பூட்டு போட்ட இடம் அந்த முனைதான்.

நேர்க்குழாய்க்கு இந்தக் கணக்கைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம். வளைவு வந்தால் கை ஓய்ந்துவிடும். எங்கள் அலுவலகத்தில் சீசர் டூ என்ற மென்பொருள். அது புதைந்த குழாயைத் துண்டுகளாக வெட்டும். வளைவருகே சின்னச் சின்னதாக, நேராக ஓடும் இடத்தில் நீளமாக. ஒவ்வொரு துண்டிலும் மண்ணுக்குப் பதில் ஸ்பிரிங்குகளை மாட்டும்: நீளவாக்கில், பக்கவாட்டில், கீழே, மேலே. ஒரு எல்லை வரை ஸ்பிரிங் எதிர்க்கும். அதைத் தாண்டினால் மண் விட்டுக்கொடுத்ததாகக் கொண்டு, எதிர்ப்பை அதற்கு மேல் கூட்டாது. குழாய்க்குக் குறுக்கே பிடிப்பவற்றில் மேல்நோக்கிய ஸ்பிரிங்தான் பலவீனம், தலைக்கு மேல் இருப்பது ஒரு மீட்டர் மண்தானே. மூடல் குறைந்த இடத்தில், வெயிலில் தண்டவாளம் நெளிவதுபோல, சூடான குழாய் மண்ணைப் பிளந்துகொண்டு எழும்பிவிடக்கூடும்.

ஆனால் அந்த ஸ்பிரிங்குகளின் வலிமைக்கான எண்களை மென்பொருளுக்குக் கொடுப்பது நாம்தான். மண்ணின் எடை, உராய்வுக் கோணம், எந்த அளவு இறுக்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் நாம் தட்டச்சு செய்வதுதான். தப்பான எண்ணைக் கொடுத்தாலும் அதே அழகான வண்ணப்படம் வரும்.

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு கசிவில். ஒரு தளத்தில் இதே மாதிரிச் சூடான குழாய் ஓடத் தொடங்கிய முதல் வாரமே பம்பின் ஃபிளாஞ்ச் ஒழுகியது. என் கணக்கில் பம்ப் பக்கத்துக் குழாய் முனை 21 மில்லிமீட்டர் நகர வேண்டும். அதற்கு ஏற்ற வளைவும் கொடுத்திருந்தேன். தளத்தில் அளந்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. தோண்டிப் பார்த்தோம். மழைக்கு முன் முடிக்கும் அவசரத்தில், தோண்டிய மண்ணையே தளர்வாகத் தள்ளி மூடியிருந்தார்கள். கையில் அள்ளினேன், விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது. பிடி பாதியாகிவிட்டால் 100 மீட்டர் 200 ஆகும், 21 மில்லிமீட்டர் 42 ஆகும். பள்ளத்தை மூடியவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறொரு சோதனைத் துளையின் மண் அறிக்கையிலிருந்து எண்ணை எடுத்து, இறுக்கிய மணல் என்று எழுதியது நான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கணக்கையும் இரண்டு முறை ஓட்டுகிறேன், கெட்டி மண்ணுக்கு ஒன்று, தளர்ந்த மண்ணுக்கு ஒன்று. கெட்டி மண் வளைவை நெரிக்கும். தளர்ந்த மண் பம்பைத் தள்ளும். இரண்டையும் குழாய் தாங்கினால்தான் கையெழுத்து. கோப்பைத் திறப்பதற்கு முன்பே தளத்துக்கு போன் போட்டு, எந்த மண் என்று கேட்டுவிடுவேன்.

போன வாரமும் அப்படித்தான் கேட்டேன். “மேடம், மணல் லாரி இன்னும் வரல. தோண்டின மண்ணையே போட்டு மூடிடட்டுமா?” என்றார் சூப்பர்வைசர்.

“வேண்டாம் அண்ணே, லாரி வரட்டும்” என்றேன்.