கவியின் இரண்டு தந்திகள்

தந்தி ஆபீஸில் சொல்லுக்குத்தான் விலை இருந்தது. சொல்லுகிறவனுடைய குரலுக்கு அங்கே இடமிருந்ததில்லை. சரக்கு விலை கேட்ட வியாபாரிக்கு இதனால் யாதொரு நஷ்டமும் இருந்ததில்லை. ஒரு கவிக்கு நேர்ந்ததையே இங்கு எடுத்துக்கூற விரும்புகிறோம்.

ருஷ்யக் கவி போரிஸ் பாஸ்டர்நாக்குக்கு 1958-ம் வருஷம் அக்டோபர் 23-ந் தேதி நோபல் இலக்கியப் பரிசு அறிவிக்கப்பட்டது. 25-ந் தேதி அவர் ஸ்வீடிஷ் அகாடமிக்குத் தந்தி கொடுத்தார். அளவிலா நன்றி, நெகிழ்ச்சி, பெருமை, வியப்பு, கூச்சம். இவ்வளவே அதன் சாரம். சிக்கனமான தந்திதான், ஆயினும் மனிதரின் உவகை அதில் ஒளிந்துகிடக்கவில்லை.

சொந்த நாட்டில் அச்சிட மறுக்கப்பட்ட அவரது ‘டாக்டர் ஷிவாகோ’ நாவல் 1957-ல் இத்தாலியில் வெளிவந்திருந்தது. அதைப் பொறாத சோவியத் அதிகார வர்க்கம் பரிசுச் செய்தி கேட்டுக் கொதித்தது. பத்திரிகைகள் வசைமாரி பொழிந்தன. 27-ந் தேதி எழுத்தாளர் சங்கம் அவரை நீக்கியது. 29-ந் தேதி மற்றொரு தந்தி ஸ்டாக்ஹோமுக்குச் சென்றது. தாம் வாழும் சமூகம் இப்பரிசுக்குக் கற்பிக்கும் பொருளை முன்னிட்டு அதை மறுக்க வேண்டியிருக்கிறதென்றும், மனமொப்பிச் செய்யும் இம்மறுப்பைத் தவறாகக் கொள்ள வேண்டாமென்றும் கவி அதில் தெரிவித்தார்.

‘மனமொப்பி’ என்னும் இடத்தில் நாம் சற்றுத் தயங்கி நிற்கிறோம். வக்கீல் தொழிலில் பழகியவர்களுக்கு இச்சொல் எளிதில் தொண்டையில் இறங்காது. பலாத்காரத்தாலோ தகாத செல்வாக்காலோ பெற்ற சம்மதம் சுயேச்சையான சம்மதமாகாதென்று நமது 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் கூறுகிறது. கோர்ட்டில் சாட்சியின் முகத்தையாவது பார்க்கலாம். தந்தித் தாளுக்கு முகமேது?

ஆனால் அதே தினத்தில் கவி வேறொரு தந்தியும் கொடுத்திருந்தார். அது கட்சியின் மத்தியக் கமிட்டிக்கு. பரிசை மறுத்துவிட்டேன், ஓல்கா இவின்ஸ்காயாவுக்கு மறுபடி வேலை கொடுங்கள் என்பது அதன் கருத்து. அந்த அம்மை கவியின் அன்புக்குரியவர், முன்னமே சிறைமுகாமில் வாடியவர், மொழிபெயர்ப்பால் ஜீவித்தவர். இவ்விரு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் நீதிபதிக்கு வேறு சாட்சியம் வேண்டுமா?

ருஷ்யாவை மட்டும் குறைகூறிச் சும்மா இருப்பதற்கும் நமக்கு உரிமையில்லை. செய்தியை இடைமறிக்கவும் நிறுத்திவைக்கவும் சர்க்காருக்கு அதிகாரமளித்த 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டத்தை, சுதந்திரம் வந்த பின்னரும் நெடுங்காலம் நாம் வைத்துக்கொண்டிருந்தோம்.

மறுப்பினால் பரிசின் செல்லுபடி குறையாதென்று அகாடமி அறிவித்தது. பாஸ்டர்நாக் 1960-ம் வருஷம் மே 30-ந் தேதி காலமானார். 1989 டிசம்பரில் அவருடைய குமாரர் எவ்கெனி ஸ்டாக்ஹோம் சென்று தந்தையின் பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார்.