மிஙாவ்: வெறிச்சோடின வீட்டுக்கும் தவிக்கிற மனசுக்கும் ஒரே சொல்

இந்த எபிசோடில் நாம எடுத்துக்கப் போறது ஒரே ஒரு செபுவானோ வினைச்சொல்: 'கிமிஙாவ்'. ஊரை விட்டு, ஆளை விட்டுத் தள்ளி இருக்கிறவங்க அடிக்கடி சொல்ற சொல் இது.

முதல்ல மொழியைப் பற்றி. செபுவானோ பிலிப்பைன்ஸ் மொழி. செபு, போஹோல் தீவுகள்லயும் நீக்ரோஸ் தீவின் கிழக்கிலும் மின்டனாவோவின் பெரும்பகுதியிலும் சுமார் 2 கோடிப் பேர் பேசுறாங்க. பேசுறவங்க இதைப் பெரும்பாலும் 'பிசாயா'ன்னுதான் சொல்லுவாங்க.

உச்சரிப்பைக் கவனிங்க. 'மிங்காவ்' இல்ல, 'மிஙாவ்'. 'இங்ஙனம்'னு சொல்லும்போது வருதே, அந்த ங மட்டும்தான்; பின்னாடி க கிடையாது. முன்னால வர்ற 'கி'யை, 'கிராமம்'ல வர்ற கி மாதிரி மெதுவாச் சொல்லணும்.

'மிஙாவ்' என்கிற வேர்ச்சொல் முதல்ல ஒரு இடத்தைப் பற்றிப் பேசுது. 'மிஙாவ் காஆயோ அங் பலாய்'னா, வீடு ரொம்ப வெறிச்சுனு இருக்கு. 'பலாய்' வீடு, 'காஆயோ' ரொம்ப. ஆள் நடமாட்டம் இல்லாத தெருவையும், கூட்டமே இல்லாத சந்தையையும் இப்படிச் சொல்லலாம். சத்தம் இல்லைங்கிறது மட்டும் இல்ல; இருக்க வேண்டியவங்க இல்லைங்கிறதும் அதுல இருக்கு.

இப்போ இதே சொல்லை ஒரு மனுஷனுக்குச் சொல்லிப் பார்க்கலாம். 'கிமிஙாவ் கோ நிமோ.' நீ இல்லாம எனக்கு ஏக்கமா இருக்குன்னு அர்த்தம். 'கோ' நான், 'ஆக்கோ' என்பதோட சுருக்கம். 'நிமோ' உன்னால, உன்னுடைய. அப்படியே பிரிச்சா 'உன்னால் வெறுமை பிடிக்கப்பட்டேன்'னு வரும். ஆள் இல்லாத வீட்டுக்கு எது நடந்ததோ, அதுவே எனக்கும் நடந்திருக்கு.

இந்த 'கி' என்ன செய்யுதுன்னு புரிய, மீன் சாப்பிடுற உதாரணத்துக்குப் போவோம். 'கிகாஒன் நாக்கோ அங் இஸ்தா'ன்னா, மீனை நான் சாப்பிட்டேன். 'கி' சேர்ந்ததும் வாக்கியத்தோட தலைமை இடம் மீனுக்குப் போயிடுது. 'அங்' என்கிறது அதுக்கான அடையாளம். சாப்பிட்ட நான் 'நாக்கோ', அதாவது 'என்னால்' ஆயிடுறேன். இப்போ 'கிமிஙாவ் கோ நிமோ'வைத் திரும்பப் பாருங்க. அங்கே மீன் இருந்த இடத்துல இங்கே நான் இருக்கேன்! ஏங்குறது நான் செய்யுற வேலை இல்ல. அது என்மேல வந்து இறங்குது.

உடம்பு படுற பாட்டுக்கும் இதே அமைப்புதான். 'கிகுத்தோம் கோ' எனக்குப் பசிக்குது. 'கிதுக்னாவ் கோ' எனக்குக் குளிருது. 'கிகாப்போய் கோ' எனக்குக் களைப்பா இருக்கு. தமிழ்ல நாமளும் 'நான் பசிக்கிறேன்'னு சொல்றதில்ல, 'எனக்குப் பசிக்குது'ன்னுதான் சொல்றோம். அதனால இந்த இடம் நமக்குச் சுலபமாவே பிடிபடும். செபுவானோவுல பிரிவின் ஏக்கமும் பசி, குளிர் வரிசையிலதான் நிக்குது.

காலம் மாறினா உருவமும் மாறும். ஏற்கெனவே வந்துட்ட ஏக்கத்துக்கு 'கி'. இனிமே வரப் போறதுக்கு, கடைசியில 'ஓன்'. 'மிஙாவோன் கோ நிமோ'ன்னா, நீ போனப்புறம் எனக்கு ஏக்கமா இருக்கும். பிலிப்பைன்ஸிலிருந்து லட்சக்கணக்கானவங்க வீட்டு வேலைக்கும், மருத்துவமனை வேலைக்கும், கப்பல் வேலைக்கும் வெளிநாடு போறாங்க. கிளம்புற அன்னைக்கு 'மிஙாவோன்', போய்ச் சேர்ந்தப்புறம் போன்ல 'கிமிஙாவ்'. ஒரு குடும்பத்தோட பல வருஷம் இந்த ரெண்டு உருவத்துக்குள்ள அடங்கிடும்.

புதுசாக் கற்கிறவங்க தடுமாறுற இடம் ஒண்ணு. 'கிமிஙாவ் கா நாக்கோ?'ன்னு கேட்டா, 'நான் இல்லாம உனக்கு ஏக்கமா இருக்கா?'ன்னு அர்த்தம். 'கா' நீ, 'நாக்கோ' என்னால. 'கோ நிமோ', 'கா நாக்கோ' இந்த ஜோடிகளை மாத்திட்டா, யாருக்கு ஏக்கம் என்கிறதே மாறிடும். ஆள் இல்லாம ஊரோ வீடோன்னா 'சா' போடுங்க: 'கிமிஙாவ் கோ சா பலாய்', வீட்டு ஞாபகமாவே இருக்கு.

இப்போ இளைஞர்கள்கிட்ட 'கிமிஸ் திகா'வும் நிறையக் கேட்கலாம். ஆங்கில 'மிஸ்'ஸை எடுத்து, 'கி' போட்டுத் தன் சொல்லாக்கிட்டாங்க. ஆனா இலக்கணம் தலைகீழாயிடுச்சு. 'திகா'ங்கிறது 'என்னால் நீ'. இங்கே மீன் இடத்துல இருக்கிறது நீ; செய்யுறவன் நான். நாம 'மிஸ் பண்றேன்'னு சொல்லும்போது அந்தப் 'பண்றேன்' செய்யுற வேலையும் இதுதான். ரெண்டுமே அன்பாச் சொல்றதுதான், தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா 'கிமிஙாவ் கோ நிமோ'ன்னு சொல்றவங்க, நான் உனக்கு ஒண்ணு செய்யுறேன்னு சொல்லலை. நீ இல்லாததால எனக்கு என்ன ஆயிருக்குன்னு சொல்றாங்க.

அகராதியில தேடுறவங்களுக்கு ஒரு குறிப்பு. ஜான் உல்ஃப் தொகுத்து 1972-ல் வந்த செபுவானோ அகராதி வேர்ச்சொல் வரிசையில அமைஞ்சது. 'கிமிஙாவ்'னு தேடினா கிடைக்காது. 'கி'யைக் கழட்டிட்டு 'மிஙாவ்'ல பாருங்க. 'மிஙாவோன்', ஏக்கம் என்கிற பெயர்ச்சொல்லான 'கமிஙாவ்', எல்லாமே இந்த வேர்லதான் நிக்குது.

செபுவானோ பேசுற நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தா, இன்னைக்கே சொல்லிப் பாருங்க: 'கிமிஙாவ் நா கோ நிமோ.' அந்த 'நா'வுக்கு 'இப்பவே, ஏற்கெனவே'ன்னு அர்த்தம். அடுத்த எபிசோடில் ஒரு எழுத்து மட்டும் மாறுற 'லிஙாவ்' என்கிற சொல்லைப் பார்க்கலாம். அது பொழுது கலகலப்பாப் போறதைச் சொல்ற சொல்.