நீள்வட்ட மைதானமும் இரண்டு பொத்தான்களும்

ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தை வீட்டுக் கன்சோலுக்குக் கொண்டுவந்த முதல் வீடியோ கேம் ‘ஆஸி ரூல்ஸ் ஃபுட்டி’. நின்டெண்டோவின் 8-பிட் கன்சோலுக்காக மெல்போர்னைச் சேர்ந்த பீம் சாஃப்ட்வேர் உருவாக்கிய இதை, 1991இல் மேட்டல் நிறுவனம் ஆஸ்திரேலியாவில் மட்டும் விற்பனைக்கு விட்டது. கால்பந்தின் இந்த வகை பிறந்ததும் மெல்போர்னில்தான். அதன் முதல் விதிகள் 1859இல் அங்கே எழுதப்பட்டன.

கேமின் சிக்கல்கள் புரிய, ஆட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அணிக்கு 18 பேர் வீதம் 36 பேர் ஒரே நேரத்தில் களத்தில் இருப்பார்கள். மைதானம் நீள்வட்டம், நீளம் 135 முதல் 185 மீட்டர் வரை. பெரும்பாலும் கிரிக்கெட் மைதானங்களிலேயே ஆட்டம் நடக்கும். பந்தும் முட்டை வடிவம். அதைக் காலால் உதைக்கலாம், முஷ்டியால் குத்தி அனுப்பலாம், எறியக் கூடாது. பந்தோடு ஓடுபவர் 15 மீட்டருக்கு ஒரு முறையாவது அதைத் தரையில் தட்ட வேண்டும். குறைந்தது 15 மீட்டர் பறந்துவரும் உதையை, இடையில் எதிலும் படாமல் பிடித்துவிட்டால் அது ‘மார்க்’. பிடித்தவர் இடையூறில்லாமல் அடுத்த உதையை உதைக்கலாம். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே உதைத்துப் போட்டால் 6 புள்ளி. பக்கவாட்டு இடைவெளியில் போனாலோ நடுக் கம்பத்தில் பட்டாலோ 1 புள்ளி. ஆஃப்சைடு கிடையாது. அதனால் வீரர்கள் மைதானம் முழுக்கப் பரவி நிற்பார்கள். பந்து எந்தத் திசையிலும் போகும்.

இத்தனையையும் 1991இன் கன்சோலுக்குள் அடக்குவது லேசான வேலையல்ல. அதன் படச் சில்லு ஒரே நேரத்தில் 64 நகரும் படத்துண்டுகளைத்தான் காட்டும். ஒரே கிடைக்கோட்டில் எட்டுக்கு மேல் வந்துவிட்டால் மிஞ்சியவை தெரியாமல் போகும். ஒரு மனித உருவத்துக்கே பல துண்டுகள் தேவை. ஆகவே 36 பேரையும் ஒரே திரையில் நிறுத்த வழியே இல்லை. கட்டுப்படுத்தியிலோ திசைப் பலகையைத் தவிர ஆட்டத்துக்கு உதவும் பொத்தான்கள் இரண்டே. உதைப்பது, குத்துவது, எம்பிப் பிடிப்பது, எதிராளியை மடக்குவது எல்லாம் அந்த இரண்டுக்குள் அடங்க வேண்டும். இவ்வளவு நெருக்கடியிலும், இருவர் எதிரெதிரே நின்று உதைத்துப் பிடிக்கும் ‘கிக் டு கிக்’ பயிற்சியைத் தனிப் பகுதியாகச் சேர்த்திருந்தார்கள். ஆஸ்திரேலியப் பிள்ளைகள் பூங்காவில் ஆடுவது இதைத்தான். ஆட்டத்தோடு வளர்ந்தவர்களுக்கே இதைச் சேர்க்கத் தோன்றும்.

அடுத்து வந்தவர்களுக்கு இயந்திர பலம் கூடியது. இந்த ஆட்டத்தின் தலையாய லீகான ஏஎஃப்எல்லின் (ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீக்) பெயரில், இஏ ஸ்போர்ட்ஸின் ‘ஏஎஃப்எல் 99’ முதல் பிளேஸ்டேஷனில் வந்தது. 2002இல் மெல்போர்னின் ஐஆர் குருஸ் ‘ஏஎஃப்எல் லைவ் 2003’ என்ற கேமை பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றுக்குத் தந்தது. அதன் வரிசை 2007 வரை நீண்டது. 2011இல் பிக் ஆன்ட் ஸ்டுடியோஸ் ‘ஏஎஃப்எல் லைவ்’ என்ற பெயரில் புதிதாகத் தொடங்கியது. அதன் இரண்டாம் பாகத்தையும், 2017, 2020 ஆண்டுகளின் ‘எவல்யூஷன்’ கேம்களையும் விக்கிட் விட்ச் ஸ்டுடியோ செய்தது. 2023இல் ‘ஏஎஃப்எல் 23’ஐ உருவாக்கும் பொறுப்பு மறுபடி பிக் ஆன்ட் கைக்கு வந்தது.

இப்படிக் கைமாறிக்கொண்டே இருந்ததற்குச் சந்தையின் அளவு ஒரு முக்கியக் காரணம். ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை சுமார் 2.7 கோடி. அதிலும் விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா ஆகியவையே இந்த ஆட்டத்தின் கோட்டைகள். நியூ சவுத் வேல்ஸிலும் குவீன்ஸ்லாந்திலும் ரக்பி லீக்குக்குத்தான் செல்வாக்கு. ஆனால் செலவு குறைவதில்லை. உலகெங்கும் விற்கும் கால்பந்து கேமில் 22 பேரை அசைத்தால் போதும். இங்கே 36 பேர். தரையில் விழுந்த முட்டைப் பந்து எப்படித் துள்ளும் என்று நேரில் பார்ப்பவராலேயே சொல்ல முடியாது. அந்தத் தாறுமாறையும் நம்பும்படி கணக்கிட்டுக் காட்ட வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது, பந்து இல்லாத வீரர்கள் தாமாக எங்கே ஓட வேண்டும் என்பதைக் கேமுக்குக் கற்றுத்தருவது. அவர்கள் சும்மா நின்றால், எவ்வளவு அழகான படமும் வீண்.

அதனால் ஸ்டுடியோக்கள் இந்த ஒரு ஆட்டத்தை மட்டும் நம்பிப் பிழைப்பதில்லை. பீம் 1992இல் ‘இன்டர்நேஷனல் கிரிக்கெட்’ கேமையும் செய்தது. தமிழ் வாசகர்களில் பலர் ஆடியிருக்கக்கூடிய ‘கிரிக்கெட் 19’, ‘கிரிக்கெட் 22’ ஆகியவை பிக் ஆன்ட் தயாரிப்புகளே.

‘ஏஎஃப்எல் 23’இல் ஆண்கள் லீகின் 18 அணிகளோடு பெண்கள் லீகின் 18 அணிகளும் உண்டு. வெளியான நாட்களில் கோளாறுகள் மலிந்திருந்ததால் ரசிகர்கள் கொதித்தார்கள். பின்னர் திருத்தப் பதிப்புகள் அடுத்தடுத்து வந்தன. அந்தக் கோபமும் நியாயமானதே. பிடிக்காவிட்டால் வேறொன்றை வாங்கிக்கொள்ளலாம் என்ற வசதி இந்த ஆட்டத்தின் ரசிகர்களுக்கு இல்லை.