ஓர் ஏடு, பல கைகள்

ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்துத் திருத்துதல் புலமையுலகில் நெடுநாள் வழக்கு. ஆயினும் ஒரு நேரத்தில் ஒரு கையே ஏட்டின்மீது இருந்தது. இற்றை நாளில் சுங்கை சிப்புட்டிலுள்ள ஆசிரியரும் கூலிமிலுள்ள ஆசிரியரும் ஒரே வினாத்தாளை ஒரே நொடியில் எழுதலாம். ஒருவர் தட்டும் எழுத்து மற்றவர் திரையில் உடனே தோன்றும். இஃது எவ்வாறு இயல்கிறது, தமிழாசிரியர் இதில் விழிப்பாயிருக்க வேண்டிய இடம் யாது என்பவற்றை நோக்குதல் நலம்.

வரலாறு

1968 டிசம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அறிஞர், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலிருந்த துணைவருடன் ஒரே ஆவணத்தைத் திரையில் கையாண்டு காட்டினார். 1989இல் எல்லிஸ், கிப்ஸ் என்னும் இருவர் இதற்குரிய கணக்கு முறையை வெளியிட்டனர். 2009இல் கூகுள் நிறுவனம் ‘வேவ்’ என்னும் கருவியை அறிமுகப்படுத்தியது. மடல், உரையாடல், ஆவணம் மூன்றையும் ஒன்றாக்க முயன்ற அது மக்களிடம் வேரூன்றவில்லை. 2010இல் அதன் வளர்ச்சிப்பணி நிறுத்தப்பெற்றது. எனினும், எழுத்தெழுத்தாக உடனுக்குடன் காட்டும் முறை ‘கூகுள் டாக்ஸ்’ கருவியில் நிலைபெற்றது.

எண்ணும் எழுத்தும்

கணினி எழுத்தின் இடத்தை எண்ணால் அறிகிறது. ‘மழை’ என்பது இலக்கணத்தில் ஈரெழுத்து. யுனிகோடு முறையிலோ மகரம், ழகரம், ஐகாரக் குறி என மூன்று. ‘நேற்று’ இலக்கணத்தில் மூன்றெழுத்து. புள்ளியும் தனியே எண்ணப்படுதலால் கணினிக்கு ஆறு.

‘மழை பெய்தது’ என்னும் தொடரை இருவர் திருத்துவதாகக் கொள்க. முதலாமவர் தொடக்கத்தில் ‘நேற்று’ என்பதைச் சேர்க்கிறார். அதே நொடியில் இரண்டாமவர், ‘மழை’க்கும் அடுத்த இடைவெளிக்கும் பின், அதாவது நான்காம் இடத்துக்குப் பின், ‘நன்றாகப்’ என்பதைச் சேர்க்கிறார். இக்கட்டளை அப்படியே முதலாமவர் கணினிக்குச் சென்றால், அங்கு நான்காம் இடம் ‘நேற்று’ என்னும் சொல்லின் நடுவே விழும். ‘நேற்நன்றாகப் று மழை பெய்தது’ எனத் தொடர் சிதையும்.

இதனைத் தடுப்பதே அக்கணக்கு முறை. முன்னே ‘நேற்று’ ஆறும் இடைவெளி ஒன்றுமாக ஏழு புகுந்தமையால், நான்கு என்னும் எண் பதினொன்றாக மாற்றப்படுகிறது. இருவர் திரையிலும் ‘நேற்று மழை நன்றாகப் பெய்தது’ என்றே நிற்கும்.

பொறி அறியாதது

இனி, இரண்டாமவர் ‘நன்றாகப்’ என்று எழுதும் நொடியில், முதலாமவர் ‘பெய்தது’ என்பதை நீக்கித் ‘தூறியது’ என்று எழுதினால் விளைவு என்ன? ‘நன்றாகப் தூறியது’ என்பதே. ‘நன்றாகப் பெய்தது’ என எண்ணி ஒற்றிட்டவரும் பிழை செய்யவில்லை. வினையை மாற்றியவரும் பிழை செய்யவில்லை. இருவர் திருத்தமும் சேர்ந்தவிடத்துப் பிழை பிறந்தது. பொறி தன் கணக்கில் சிறிதும் தவறவில்லை. அது இணைப்பது எழுத்தின் இடங்களையே. புணர்ச்சியையும் பொருளையும் அன்று.

ஒற்றுப் பிழையாவது கண்ணுக்குப் படும். பொருட்பிழை எளிதில் படாது. கருத்துணர்தல் பகுதியில் ஒருவர் பத்தியைச் சுருக்க, மற்றொருவர் நீங்கிய வரியிலிருந்தே வினா அமைத்தல் கூடும். விடையில்லா வினாவுக்கு மாணவன் மதிப்பெண் இழப்பான். அதற்குப் பொறுப்பாளர் யார்?

ஆதலின் பலர் கூடி எழுதும்போது மூன்றைக் கைக்கொள்ளுதல் தகும். முதலாவது, பகுதிதோறும் ஒருவரைப் பொறுப்பாக்குதல். இரண்டாவது, பிறர் பகுதியில் நேரே கை வையாது, அக்கருவியிலுள்ள பரிந்துரை முறையால் திருத்தம் காட்டுதல். மூன்றாவது, அனைவரும் எழுதி ஓய்ந்தபின் ஒருவர் முதலிலிருந்து முடிவுவரை வாய்விட்டுப் படித்தல். யார் எதனை எப்பொழுது மாற்றினார் என்னும் வரலாற்றைக் கருவி காத்து வைக்கும். எது சரி என்று முடிவு செய்தல் ஆசிரியர் கடமையாகவே நிற்கிறது.