வண்டிக்கு வந்த விக்கல்

"என்ஜினையே இறக்கணும்மா. இல்லேன்னா ஓடாது" என்று அந்தப் பட்டறைக்காரர் சொன்னதும், என் கை தானாகக் கழுத்துச் சங்கிலிக்குப் போயிற்று. ஏற்கெனவே இரண்டு முறை அடகுக்கடை பார்த்துவிட்டு வந்த சங்கிலி!

மரக்காணத்தில் எங்களுக்குச் சோறு போடுவது உப்பளம்தான். உப்பு மூட்டைகளைத் திண்டிவனம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வீட்டுக்காரரின் பழைய டீசல் பிக்கப். அது நின்றால் அடுப்பும் நின்ற மாதிரிதான்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது, ஞாபகமிருக்கிறதா? உப்பளமெல்லாம் ஏரியாகிவிட்டது. வாசலில் நின்ற வண்டிக்கு டீசல் டாங்க் வரை தண்ணீர். வடிந்தபிறகு கிளப்பினால் ஒரே நடுக்கம், நடுநடுவே விக்கல், பின்னால் வெள்ளைப் புகை.

"இன்னொருத்தர்கிட்டே காட்டிடலாங்க" என்று பிடிவாதம் பிடித்தேன். வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனோம். "எப்போலேர்ந்து இப்படி?" என்றார். "கொஞ்ச நாளாத்தான்" என்று இவர் இழுத்தார். ஆண்களே இப்படித்தான்! குழந்தைக்கு ஜுரம் என்றால் டாக்டரிடம் எப்போது ஆரம்பித்தது, அதற்குமுன் என்ன சாப்பிட்டது என்று சொல்லமாட்டோமா? "அண்ணே, வெள்ளத்துக்கு மொத நாள் வரைக்கும் நல்லா ஓடிச்சு. தண்ணி டாங்க் வரைக்கும் நின்னுச்சு" என்றேன். "அப்படிச் சொல்லு தங்கச்சி!" என்று எழுந்தார்.

டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, கண்ணாடி பாட்டிலில் பிடித்தார். ரசத்தில் நெய் மிதக்கிற மாதிரி மேலே டீசல், கீழே தண்ணீர்! பம்புக்கும் நாசிலுக்கும் டீசல்தான் எண்ணெய்ப் பசையும் தருகிறதாம். தண்ணீர் போனால் தேய்மானமும் துருவும்தான்.

டாங்கிலிருந்து டீசலை எடுக்க இவர் டியூபை வாயில் வைத்து உறிஞ்சப் போனார். பிடுங்கிவிட்டேன். டீசலோ மண்ணெண்ணெயோ நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. குழந்தை மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எடுக்கும்போது அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

டாங்கைக் கழுவி, புது ஃபில்டர் போட்டு, கைப்பம்பை அமுக்கி, டீசலில் நுரை நிற்கும்வரை காற்றை வெளியேற்றினார். நடுக்கம் பாதி குறைந்தது. மீதிக்கு ஒரு பரீட்சை: என்ஜின் ஓடும்போதே, நான்கு சிலிண்டருக்கும் போகும் டீசல் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாய்த் தளர்த்தி, இறுக்கினார். ஒன்றைத் தளர்த்தினால் என்ஜின் இன்னும் தடுமாறியது. அப்படியென்றால் அந்தச் சிலிண்டர் நன்றாக வேலை செய்கிறது. மூன்றாவதைத் தளர்த்தியபோது மட்டும் சத்தத்தில் மாற்றமே இல்லை. "இவன்தான் சும்மா இருக்கிறவன்!" என்று சிரித்தார். (நீங்கள் செய்து பார்க்காதீர்கள். அங்கே பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தினாற்போல் சின்னக் காயம் தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் போகவேண்டும்.)

மூன்றாவது இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதித்தால், பனிமாதிரி தூவவேண்டிய டீசல் சொட்டுச் சொட்டாய் விழுந்தது. நாசிலை மாற்றினார். என்ஜினை இறக்கவே இல்லை. சங்கிலி என் கழுத்திலேயே இருக்கிறது.

இப்போது வாராவாரம் ஃபில்டர் அடியிலிருந்து பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பார்க்கிறோம். போன வாரம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.